நாற்பத்தோராவது இணைப்பு

அத்தியாயம் 14

அம்மாவின் குரலுக்கு விலை பதினொன்றரை லட்சம். வரி தனி.

ஆறில் ஆரம்பித்த பேரத்தைப் பதினொன்றரைக்கு இழுத்துக்கொண்டு வந்தது பெரியவள்தான். பழைய ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி விற்கிற கடையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு, எதிராளி எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்பது அத்துப்படி. கம்பெனிக்காரர் எட்டில் ஒரு தடவை விழுங்கினார். பத்தில் ஒரு தடவை விழுங்கினார். பதினொன்றரையில் விழுங்காமல் சிரித்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறவன் இன்னும் இரண்டு கொடுக்கத் தயாராக வந்தவன்.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் சிரிப்புக்காரர்.

பக்திப் பாட்டுகளை மாதச் சந்தாவுக்குச் செல்போனில் கேட்க வைக்கிற கம்பெனி அவருடையது. அப்பா எழுதி அம்மா பாடிய நாற்பது பாட்டுகளும், இன்று சாயங்காலம் கையெழுத்து விழுந்ததும் அவர்கள் சொத்து. அப்பா தன் கையால் கட்டிய வலைத்தளம் இன்றோடு மூடப்படும். ஒலிப்பதிவு அறை காலி செய்யப்படும். அம்மா பெரியவளின் வீட்டுக்கு வந்துவிடுவாள். தம்பி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, போன வாரம் "என்னமோ பண்ணு" என்று சொன்னது இதற்குத்தான்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'பாடகி இனிப் பாடும் நிலையில் இல்லை. இந்த நாற்பதே முழுத் தொகுப்பு.' விலையே அந்த வரிக்குத்தான். முடிந்துபோன குரலுக்குச் சந்தையில் இருக்கிற மவுசு, நாளைக்கும் பாடப்போகிற குரலுக்குக் கிடையாது.

அந்த வரி பொய்யும் இல்லை. அப்பா போன மறுநாள் மூடிய வாயை அம்மா மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. தொண்டை டாக்டர், நரம்பு டாக்டர், மனசு டாக்டர் என்று மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி மூன்று விதமாகக் கட்டணம் வாங்கினார்கள்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சரியாக இருக்கிற அந்தத் தொண்டையிலிருந்து 'பெரியவளே' என்று ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்று இவள் காத்திருந்தாள். அதற்குப் பதினொன்றரையையும் திருப்பிக் கொடு என்றால் கொடுத்துவிடுவாள். பேரம் பேசாமல்.

*

காலை பத்து மணிக்கு அவள் வந்தபோது, தம்பி லீவு போட்டுவிட்டு ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்திருந்தான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். ஊரார் சிரிப்பை எல்லாம் சேர்த்துச் சேர்த்து, தன் சிரிப்பை எங்கேயோ வெட்டிப் போட்டுவிட்டவன்.

பின்பக்கத்து அறையை அப்பா கண்ணாடி வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார். அந்தப் பக்கம் பாடுகிறவருக்கு ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு ஹெட்போன். இந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் அப்பாவின் சுழல் நாற்காலியும். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு.

"நம்ம தளத்துக்கு லிங்க் குடுத்திருக்கிறவங்க அறுநூத்திப் பன்னெண்டு பேர்க்கா" என்றான் தம்பி, திரும்பாமல். "எல்லாருக்கும் 'கடையை மூடுறோம், இனிமே அந்தப் பக்கம் போங்க'ன்னு எழுதணுமாம். உன் சிரிப்புக்காரர் உத்தரவு."

"எழுத வேண்டியதுதானே. கை வலிக்குதா?"

"நீ படிச்சுப் பாரு, அப்புறம் பேசு. இது ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னாடி காத்திருக்கிற அறையில போடுறாங்க. இது லாரி டிரைவர்கள் சங்கம். இது கண் தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடம். இது ஒரு பல் டாக்டர்."

"பல் டாக்டருக்கு எதுக்குடா பக்திப் பாட்டு?"

"பல்லைப் பிடுங்கும்போது போடுவாராம். இருபத்தி மூணாவது பாட்டு. வலி தெரியலைன்னு சொல்றாங்களாம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

அவள் பிரார்த்தனை செய்கிற ரகம் இல்லை. பக்திப் பாட்டில் பாதிக்குப் பாதி பேரம்தான் என்பது அவள் கட்சி: நான் இவ்வளவு அழுதுவிட்டேன், நீ இவ்வளவாவது இறங்கி வா என்கிற பேரம். அப்பாவும் வியாபாரி மகன்தானே. நாற்பது பாட்டிலும் ஓர் இடத்தில்கூடக் கடவுள் பெயரைப் போடவில்லை. கேட்டால், "பேரைப் போட்டா ஒரு தெரு கேக்கும். போடாம விட்டா ஊரே கேக்கும்" என்பார். ஆனால் அம்மா பாடும்போது பேரம் காணாமல் போய்விடும். கேட்கிற பொருள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும் அந்தக் குரல். அதனால்தான் முன்பின் தெரியாத அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் வாசலில் நின்று இந்த வீட்டைக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் காசு கேட்டுச் செய்யவில்லை. இன்றைக்கு அத்தனை கையையும் வேறு பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும்.

"இது யாரு?" என்றாள் பெரியவள்.

திரையில் ஒரு வெள்ளைப் பக்கம். தலைப்பு இல்லை, படம் இல்லை, ஆள் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொரு எண்ணும் ஒரு பாட்டுக்கு இணைப்பு.

"தெரியல. அப்பா இருந்தப்பவே இருந்த பக்கம். யாருதுன்னு நானும் தேடாத இடம் இல்ல."

அவள் விரலால் எண்ணிக்கொண்டே கீழே வந்தாள். சரக்கு இறக்கும்போது வந்த பழக்கம். "நாற்பத்தொண்ணு இருக்குடா."

"ஆமா. கடைசி லிங்க் செத்த லிங்க். நம்மகிட்ட அப்படி ஒரு பக்கமே கிடையாது. அப்பாகிட்ட ஒருநாள் காட்டினேன். 'யாரோ நம்பி முன்பணம் கட்டியிருக்காங்கடா'ன்னு சொன்னார்." தம்பி அவள் பக்கம் திரும்பினான். "இதுலேருந்து ஒரே ஒரு ஆள் வரும் அக்கா. தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு. நாற்பத்தொண்ணைத் தட்டும். ஒண்ணும் இருக்காது. போயிடும். மறுநாள் அதே நாலு பத்துக்குத் திரும்ப வரும்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

பெரியவள் குனிந்து அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தாள்.

"ஏதாவது கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்" என்றாள் பெரியவள். "தட்டிக் காட்டு."

"ஒண்ணும் வராது. 'இந்தப் பக்கம் இல்லை'ன்னு ஒரு வரி வரும், பாரு" என்று சொல்லிக்கொண்டே தம்பி நாற்பத்தொன்றைத் தட்டினான்.

பக்கம் திறந்தது. பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது.

*வாசல் திறந்தாய், விளக்கும் வைத்தாய்,*
*வரும் வழி மட்டும் சொல்லவில்லை...*

அம்மாவின் குரல். கொஞ்சம் தடித்து, கொஞ்சம் கரகரத்து, வயசான அம்மாவின் குரல்.

*

பாட்டு முடிந்ததும் பெரியவள் முதலில் செய்த காரியம், தம்பியின் தோளில் ஓர் அறை வைத்ததுதான்.

"ஏண்டா, இதுதான் உன் வேலையா? கையெழுத்துப் போடுற அன்னிக்கு அம்மா குரலை மெஷின்ல செஞ்சு வைக்கிறியா? மூணாம் பக்கத்து வரியை உடைக்கணும், வியாபாரம் கெடணும், அதானே?"

"நான் செய்யலக்கா!"

"ஒருத்தர் பேசினதை வெச்சு பேசாததையும் பேச வைக்கிற மென்பொருள் வந்திருக்குன்னு நீதானே போன மாசம் பீத்திக்கிட்டே?"

"பீத்திக்கிட்டேன். ஆனா இதை நான் செய்யல. அம்மா மேல சத்தியம்." தோளைத் தடவிக்கொண்டே கோப்பின் விவரத்தைத் திறந்தான். "நீயே பாரு. நேத்து சாயங்காலம் நாலு பத்துக்குப் பதிவாயிருக்கு. நேத்து நாலு பத்துக்கு நான் எங்க இருந்தேன்?"

பெரியவளுக்குப் பதில் தெரியும். பேங்க்கில், அவள் பக்கத்து நாற்காலியில். விற்றதும் வரும் பணத்தைப் போடக் கூட்டுக் கணக்கு திறக்கப் போயிருந்தார்கள். அவனுக்குச் சாட்சியே அவள்தான். அம்மாவை வீட்டில் விட்டு வெளியே பூட்டியதும் அவள்தான். சாவி அவள் கைப்பையில் இருந்தது.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ. அப்பாவோட ஏற்பாடு. அதை நான் அணைக்கவே இல்ல."

சோம்பேறித்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்கிறவர் அப்பா. பாடி முடித்ததும் எழுந்து போய்ப் பத்து பொத்தான்களை அமுக்குவானேன் என்று, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கே சொல்லி வைத்திருந்தார். மைக்கில் குரல் விழுந்தால், அதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தையும் சேர்த்து மென்பொருள் தானாகப் பதிவு செய்யும். இரண்டு நிமிஷம் குரல் இல்லையென்றால் நிறுத்தும். பிறகு குரலைத் தனியாகவும் மற்ற சத்தங்களைத் தனியாகவும் பிரிக்கும். குரலை அடுத்த எண் போட்டுத் தளத்தில் ஏற்றிவிடும். மற்ற சத்தங்களை 'மிச்சம்' என்று ஓர் இடத்தில் போட்டு வைக்கும். எதையும் தூக்கிப் போடுகிற குடும்பம் இல்லையே.

"யாரு பாடப்போறாங்கன்னு அப்படியே விட்டுட்டேன்" என்றான் தம்பி. "மூணு வருஷமா மைக் திறந்தே இருக்கு."

"அப்போ..." பெரியவள் அவன் கையைப் பிடித்தாள். "அம்மா பாடினாளா? நிஜமாவா?"

"மிச்சத்தைக் கேட்டாத் தெரியும். மெஷின்ல செஞ்ச குரல்னா மிச்சத்துல ஒண்ணும் இருக்காது."

அவன் அந்தக் கோப்பைப் போட்டான். குரல் இல்லாத நான்கு நிமிஷம். ஸ்டூல் கிறீச்சிட்டது. புடவை உரசியது. நடுவில், தூரத்தில், ஏதோ ஒன்று 'டகடக'வென்று உதறி அடங்கியது.

"நிறுத்து" என்றாள் பெரியவள். "அது என் ஃப்ரிட்ஜ்."

"என்னது?"

"போன மாசம் அம்மாவுக்குன்னு கொண்டுவந்து அந்தச் சுவரோரம் வெச்சேனே, அது. கம்ப்ரஸர் நிக்கும்போது இப்படித்தான் உதறும். ரெண்டு உதறு பெருசா, ஒண்ணு சின்னதா. ஆயிரம் ஃப்ரிட்ஜுக்கு நடுவுல வெச்சாலும் இதைச் சொல்லிடுவேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "நிஜம்தாண்டா. அம்மா இங்க வந்து பாடியிருக்கா."

தம்பி கோப்பை முதலிலிருந்து மறுபடி போட்டு, சத்தத்தை ஏற்றினான்.

ஸ்டூல் கிறீச்சிட்ட பிறகு, பாட்டு தொடங்கியிருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால், அது இருந்தது. மங்கலாக.

டக், டக். ஓர் இடைவெளி. டக்.

இருவருக்கும் அது தெரியும். அப்பா இந்தப் பக்கத்திலிருந்து விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டுவார். இரண்டு தட்டு, தயாரா என்பதற்கு. ஒரு தட்டு, ஆரம்பி என்பதற்கு. மைக் வைத்துப் பேச வசதி இருந்தும் அவர் தட்டத்தான் தட்டுவார். பேசினால் பாடுகிறவரின் கவனம் கலையுமாம்.

"அம்மாவே தட்டியிருப்பா" என்றாள் பெரியவள். "பழக்கதோஷம்."

"இரு." தம்பி எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான். மைக்குக்கு எதிரே நின்று தட்டினான். பிறகு இந்தப் பக்கம் வந்து தட்டினான். இரண்டையும் பதிவு செய்து அவளுக்குப் போட்டுக் காட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து தட்டியது பளிச்சென்று, கண்ணாடிச் சத்தமாகக் கேட்டது. இந்தப் பக்கத்திலிருந்து தட்டியது இரட்டைக் கண்ணாடிக்குள் புகுந்து, மரத்தில் தட்டின மாதிரி மந்தமாகக் கேட்டது.

நேற்றைய தட்டு மந்தமாகத்தான் கேட்டது.

"ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே இந்தப் பக்கம் வந்து தட்ட முடியாதுக்கா" என்றான் தம்பி மெதுவாக. பிறகு, பார்க்கப் பயந்தவன் மாதிரி, தளத்துக்கு வந்து போகிறவர்களின் பட்டியலைத் திறந்தான். ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"என்னடா?"

"நேத்து நாலு பத்துக்கு அந்த ஆள் வரலை. மூணு வருஷத்துல முதல் தடவையா, தளத்துக்கு வரலை."

பெரியவள் கைப்பையைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதைப் பார்த்து எந்த ஆறுதலும் வரவில்லை.

*

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, நாலாக.

பெரியவள் கீழே உட்கார்ந்து அவள் முழங்காலில் கை வைத்தாள். "அம்மா. நேத்து பாடினியா?"

துண்டு மடிந்தது.

"திட்டலம்மா. சந்தோஷமா கேக்கறேன். பாடினியா?"

இன்னொரு துண்டு.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. மெஷினுக்குப் பாடுற. எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆளுக்குப் பாடுற. பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை கிடையாதா? கடைக்கு வர்றவன்கூட வாங்குறானோ இல்லையோ, 'வர்றேன்க்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள். பிறகு அவள் பார்வை பெரியவளைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

மணி பன்னிரண்டுதான் ஆகியிருந்தது.

*

ஐந்துக்கு வர வேண்டிய சிரிப்புக்காரர் நாலு மணிக்கே வந்துவிட்டார். சரக்கின் மேல் ஆசை இருக்கிறவன்தான் நேரத்துக்கு முன்னால் வருவான்; வேறு நாளாக இருந்தால் பெரியவள் அதை வைத்தே ஒரு அரை லட்சம் ஏற்றியிருப்பாள். இன்று டீயைக் கையில் கொடுத்துக் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"ஒரு சின்ன வேலை இருக்கு சார். பத்து நிமிஷம்."

"தாராளமா மேடம். நாற்பது பாட்டுக்காக நாலு மாசம் காத்திருந்தேன்" என்று சிரித்தார் அவர், பேனாவைக் காகிதத்தின் மேல் நேராக வைத்தபடி.

ஒலிப்பதிவு அறைக் கதவுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். "நான் உள்ள வரல."

"மீசை வெச்சிருக்க."

"அதெல்லாம் கல்யாண வீடியோவுக்கு. நீ போ. நான் இங்கயே நிக்கிறேன்."

பெரியவள் உள்ளே போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணக்கு சுலபம்: இந்தப் பக்கத்தில் தான் மட்டும் இருந்து, தான் தட்டாமல் இருந்தால், தட்டுச் சத்தம் வரக்கூடாது. வராவிட்டால் நேற்றைக்கு வந்தது ஏதோ மென்பொருள் கோளாறு. அவ்வளவுதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு ஒன்பதுக்கு அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. அம்மா வந்தாள். நேற்றும் முந்தா நாளும் வந்தவள் மாதிரி, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். கழுத்தோரம் முடியை ஒதுக்கினாள். தலை நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

பெரியவளைப் பார்க்கவில்லை. பெரியவளின் இடது தோளுக்கு மேலே, ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூன்று வருஷமாக யாருக்கும் தராத ஒரு சிரிப்பு சிரித்தாள்.

பெரியவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை.

டக், டக்.

அவள் காதுக்கு ஒரு முழ தூரத்தில். கண்ணாடியில் விழுந்திருந்த அவள் நிழல் அந்தத் தட்டுக்கு லேசாக அதிர்ந்தது.

டக்.

*வழி கேட்டேன், நீ வழி சொன்னாய்,*
*வருகிற நாளையும் சொல்லிவிடு...*

கடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கிறவள் அவள். ஷாக் அடித்தாலும் உதறிவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். இப்போது அவள் மடியில் இருந்த இரண்டு கையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் வெட்கம் இல்லாமல் கண்ணீர் வந்தது, பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. பேரமே இல்லை அதில். எல்லாம் பேசி முடிந்துவிட்ட குரல்.

பாட்டு நின்றது. அம்மா ஹெட்போனைக் கழற்றவில்லை. இப்போது முதல் தடவையாகப் பார்வையை இறக்கி, மகளைப் பார்த்தாள்.

"பெரியவளே" என்றாள்.

ஸ்பீக்கர் வழியாக அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. மூன்று வருஷமாக அவள் காத்திருந்த ஒரே சொல். "அம்மா!" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"எழுந்திரு, பெரியவளே" என்றாள் அம்மா, வந்த விருந்தாளிக்கு இடம் கொடுக்கத் தெரியாத பிள்ளையைக் கண்டிக்கிற மாதிரி. "அவர் எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"

பெரியவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முதுகு முட்ட நின்றாள்.

ஆள் எழுந்தால் சுழல் நாற்காலியின் இருக்கை மெல்ல மேலே ஏறும். அவள் கடையிலும் அப்படி இரண்டு கிடக்கின்றன. இதுவும் ஏறியது. ஏறி நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, ஓர் அங்குலம் கீழே இறங்கியது.

*

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது, கூடத்தில் சிரிப்புக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். டீ ஆறிக் கிடந்தது. முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், உள்ள பாடினது... ரெக்கார்டா?"

"இல்ல."

"புதுசா?"

"புதுசு."

அவர் எச்சில் விழுங்கினார். "மூணாம் பக்கத்தை எடுத்துடலாம். 'மூணு வருஷ மௌனத்துக்குப் பிறகு'ன்னு போட்டு வித்தா... பதினஞ்சு. இல்ல, பதினாறு. அறை, மெஷின் எல்லாம் எங்க ஸ்டுடியோவுக்கு மாத்திடுறோம். இப்பவே கையெழுத்துப் போடுங்க. ராத்திரியே வண்டி அனுப்பறேன்."

அவள் பேரமே பேசாமல் விலை தானாக ஏறுவதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். அது காதில் விழுந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா எங்கடா?" என்றாள் தம்பியிடம்.

"துண்டு மடிக்கிறாங்க. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசலை." தம்பி மடிக்கணினியைத் திறந்து கையில் ஏந்தியிருந்தான். "அக்கா, இதைக் கொஞ்சம் பாரு. அந்த வெள்ளைப் பக்கம்."

"அதுக்கு என்ன?"

"காலையில நாற்பத்தொண்ணுதானே இருந்துச்சு? நீதானே எண்ணினே?"

பெரியவள் வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்றின் கீழே நாற்பத்திரண்டு இருந்தது. தம்பி அதைத் தட்டினான். சற்று முன் பாடிய பாட்டு, மென்பொருள் ஏற்றி இன்னும் ஐந்து நிமிஷம்கூட ஆகாத பாட்டு, திறந்து ஓடியது. அவன் நிறுத்தினான். அதற்கும் கீழே நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. மூன்றையும் தட்டினான். மூன்றும் 'இந்தப் பக்கம் இல்லை' என்றன.

நாற்பத்தைந்தின் கீழே, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு கோடு போட்டிருந்தது.

"இந்தக் கோடு எதுக்குக்கா?" என்றான் தம்பி.

வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்து அவன் அதைக் கேட்டிருக்கக் கூடாது. இதற்குமேல் இந்தக் கணக்கில் வரவு கிடையாது என்றால்தான் அப்படிக் கோடு போடுவார்கள்.

"மேடம்" என்று பேனாவை நீட்டினார் சிரிப்புக்காரர்.

கையெழுத்துப் போட்டால் வண்டி வரும். மைக் போகும், கண்ணாடி போகும், அந்த நாற்காலியும் போகும். அம்மா பத்திரமாக மகள் வீட்டில் இருப்பாள். இனி எந்நாளும் வாய் திறக்க மாட்டாள். கையெழுத்துப் போடாவிட்டால் நாளை நாலு பத்துக்கு அம்மா பாடுவாள். ஒருவேளை, பாடி முடித்ததும் கூப்பிடவும் செய்வாள். நாளை மறுநாளும். அதற்கடுத்த நாளும். அதோடு கோடு; அப்பா காட்டுகிற வழியில் அம்மாவும் போய்விடுவாள்.

பெரியவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடாமல் ஒப்பந்தத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெற்றுத் தாளில் எழுதினாள்:

இணைப்பு நாற்பத்தைந்து.

பாடியது நாற்பத்திரண்டு.

பாக்கி மூன்று.